பி.பி. மாத்திரையும் கிளாக்கோமா சொட்டும் சேர்ந்து போகிறவர்கள்: இரவு மாத்திரை கண்ணுக்குக் கெடுதலா?

மருந்துக்கடை_திருச்சி:

மாதாமாதம் மருந்து வாங்க வருகிறவர்களில் கணிசமான பேர் இரண்டு சீட்டு நீட்டுகிறார்கள். ஒன்று பி.பி.க்கு, இன்னொன்று கண்ணுக்கு, அதாவது பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கிளாக்கோமாவுக்கு. எழுதியவர்கள் வேறு வேறு டாக்டர்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் கவுண்டரில் நிற்கிறவர்தான். அதனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மாதிரிக்கு ஒரு சீட்டு தருகிறேன் (பல சீட்டுகளைக் கலந்து எழுதியது, தனி ஒருவருடையது அல்ல). ஆண், 64 வயது. காலையில் டெல்மிசார்டான் 40, அட்டினோலால் 50. இரவில் அம்லோடிபின் 5. புராஸ்டேட்டுக்காக இரவில் டாம்சுலோசின் 0.4. கண் சீட்டில் டிமோலால் 0.5% காலை, இரவு, லாட்டனோபிராஸ்ட் இரவு. கிளினிக்கில் பார்த்த பி.பி. 126/72. கண் பிரஷர் இரண்டு கண்ணிலும் 15. இரண்டு எண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்பைச் சோதிப்பது) மட்டும் வரவர மோசமாகிறது.

கேட்க வேண்டியவை: பி.பி. ஏறினால் கண் பிரஷரும் ஏறுமா? பி.பி. மாத்திரையை இரவில் போட்டால் கண்ணுக்குக் கெடுதல் என்றும் இல்லை என்றும் சொல்கிறார்கள், எது சரி? அட்டினோலாலும் டிமோலாலும் சேர்ந்து போகலாமா? கவுண்டரில் நாங்கள் யாரை நிறுத்தி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும்?

விழிநரம்பு (கிளாக்கோமா சிகிச்சை):

முதல் கேள்விக்கு நேர் பதில்: ஏறும், ஆனால் மிகக் கொஞ்சம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் பிரஷர் 10 கூடினால் கண் பிரஷர் சராசரியாக 0.26 கூடுகிறது, அவ்வளவுதான். மேல் பிரஷர் 130லிருந்து 170க்குப் போனாலும் கண்ணில் ஏறுவது ஒரு புள்ளி. கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உள்ளே சுரக்கும் அக்வஸ் நீரும், அது வடிந்து போகும் வழியும். நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் சுரந்து, ஐரிஸுக்கும் (கண்ணின் நிறமுள்ள வளையம்) கார்னியாவுக்கும் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலம்) நடுவில் இருக்கும் கோணத்தில் ஒரு சல்லடைத் திசு வழியாக வெளியேறுகிறது. அந்தச் சல்லடை சரியாக வடிக்காவிட்டால் திறந்த கோண கிளாக்கோமா, கோணமே அடைபட்டால் மூடிய கோண கிளாக்கோமா. ஆகவே "பி.பி. கன்ட்ரோல்ல இருக்கு, கண்ணுக்கு ஒன்னும் ஆகாது" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். பி.பி. மாத்திரையால் கண் பிரஷர் சரியாகாது, கண் சொட்டால் பி.பி. சரியாகாது.

உங்கள் மாதிரிச் சீட்டின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டுமானால், வருகிற ரத்தத்தின் அழுத்தம் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாண்ட வேண்டும். மேல்தொட்டியில் மட்டம் இறங்கினால் முதலில் தண்ணீர் நிற்பது மேல்மாடிக் குழாயில்தானே, அதுபோல உடம்பில் பி.பி. இறங்கும்போது முதலில் தட்டுப்பாடு வருகிற இடங்களில் இதுவும் ஒன்று. கணக்கு எளிது: கீழ் பிரஷரிலிருந்து கண் பிரஷரைக் கழியுங்கள். பகலில் 72 − 15 = 57. பரவாயில்லை.

அதே ஆளை ராத்திரி மூன்று மணிக்குப் பாருங்கள். தூக்கத்தில் பெரும்பாலோருக்கு பி.பி. 10 முதல் 20% இறங்கும், அது இயல்பு. சிலருக்கு 20%க்கு மேலும் இறங்கும். மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். 25% இறங்கினால் கீழ் பிரஷர் 54. படுத்தவுடன் கண் பிரஷரோ 2 முதல் 4 வரை ஏறும், அதை 19 என்று வைத்துக்கொள்வோம். 54 − 19 = 35. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. அதில் இந்தக் கழித்த எண் 30க்குக் கீழே இருந்தவர்களிடம் திறந்த கோண கிளாக்கோமா ஆறு மடங்கு காணப்பட்டது. பார்படோஸ் ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் டாக்டர் சோஹன் சிங் ஹேரே 1994இல் 24 மணி நேர பி.பி. கருவி மாட்டிப் பார்த்து இன்னொன்றைக் காட்டினார்: பி.பி. மாத்திரை போடுகிறவர்களில் ஃபீல்டு மோசமாகிக்கொண்டே போனவர்களுக்கு இரவு பி.பி. அதிகமாக இறங்கியிருந்தது.

கிளினிக்கில் பகல் 11 மணிக்குப் பார்க்கும் 126/72, 15 என்ற இரண்டு எண்ணிலும் இது தெரியாது. கண் பிரஷர் இலக்குக்குள் இருந்தும் ஃபீல்டு இறங்கினால் நான் சந்தேகப்படுவது நான்கு: சொட்டு ஒழுங்காகப் போடவில்லை, கிளினிக் நேரத்துக்கு வெளியே கண் பிரஷர் ஏறுகிறது, கார்னியா மெலிந்திருப்பதால் அளவே குறைத்துக் காட்டுகிறது, இரவில் பி.பி. சரிகிறது. நான்காவதை யாரும் கேட்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ பி.பி. கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பால்டிமோர் ஆய்விலேயே, வயது குறைந்தவர்களிடம் உயர் பி.பி. கிளாக்கோமாவுக்கு எதிராகக் காப்பது போலத் தெரிந்தது. வயதானவர்களிடம் அதே பி.பி. ஆபத்தாக மாறியது. காரணம் இதுதான் என்று கருதுகிறோம்: ஆரம்பத்தில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ரத்தம் தள்ளப்படுகிறது, வருடங்கள் போகப் போக அந்த அழுத்தமே நுண்ணிய தமனிகளின் சுவரைத் தடிக்க வைத்து உள்வழியைக் குறுக்கிவிடுகிறது. பிறகு பி.பி. சற்று இறங்கினாலும் நாளங்களால் விரிந்துகொடுக்க முடிவதில்லை. மொத்தமாகப் பார்த்தால் உயர் பி.பி. உள்ளவர்களுக்குத் திறந்த கோண கிளாக்கோமா வாய்ப்பு சுமார் 16% கூடுதல். தனியாகப் பார்த்தால் சிறிய எண்தான். நெடுநாள் கட்டுப்பாடில்லாமல் விட்டு, பிறகு ஒரேயடியாக இறக்குவதுதான் நரம்புக்கு மிக மோசம்.

பொதுமருத்துவம்_நெல்லை:

மேலே டாக்டர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மாத்திரைப் பக்கத்திலிருந்து சில திருத்தங்கள்.

இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் இதயத்துக்குப் பாதுகாப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் முன்பு இருந்தது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடந்த டைம் ஆய்வு 2022இல் வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், அவற்றால் இறப்பு எதிலும் வித்தியாசம் இல்லை. ஆகவே கிளாக்கோமா உள்ளவருக்கு இரவு மாத்திரையைக் காலைக்குக் கொண்டுவருவதில் இதயம் இழப்பது ஒன்றும் இல்லை. கண் டாக்டர் கேட்டால் நான் தயங்காமல் மாற்றுவேன்.

ஆனால் எந்த மாத்திரையை மாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். அம்லோடிபினின் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 30 முதல் 50 மணி நேரம். தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு அது ரத்தத்தில் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கும். அதை மட்டும் இரவிலிருந்து காலைக்கு நகர்த்தினால் ராத்திரி மூன்று மணி பி.பி. பெரிதாக மாறாது. டெல்மிசார்டானும் ஏறக்குறைய 24 மணி நேரம் நிற்கும். இரவில் கவனிக்க வேண்டியவை பிரசோசின் போன்ற ஆல்பா பிளாக்கர்கள், குளோனிடின், குறைந்த நேரமே வேலை செய்யும் மாத்திரைகளின் இரவு டோஸ், இரவில் போடும் நீர் மாத்திரை. டாம்சுலோசின் புராஸ்டேட்டைக் குறிவைத்தது, பி.பி.யை அதிகம் இறக்காது. இருந்தாலும் மூன்று பி.பி. மாத்திரையோடு நான்காவதாகச் சேரும்போது ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தவர் தலைசுற்றி விழுவதுண்டு. அதன் நேரத்தை மாற்றுவதை யூராலஜி டாக்டரிடம் கேட்டுச் செய்யட்டும்.

யூகத்தில் மாற்றுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. 24 மணி நேர பி.பி. மானிட்டர் பெரிய ஊர்களில் எல்லாம் கிடைக்கிறது. கையில் பட்டை, இடுப்பில் பெட்டி. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும் இரவில் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு முறையும் தானே அளக்கும். அளக்கும் நேரத்தில் கையை ஆட்டாமல் தொங்கவிட வேண்டும். தூங்கிய நேரத்தையும் மாத்திரை போட்ட நேரத்தையும் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ரிப்போர்ட் பாதிக்குப் பாதி வீண். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது பகல் சராசரிக்கும் இரவு சராசரிக்கும் உள்ள இறக்கம், அடுத்தது இரவில் மிகக் குறைந்த கீழ் பிரஷர்.

மானிட்டர் வசதி இல்லையென்றால் இரண்டு சோதனைகள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள். எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் 20 அல்லது கீழ் 10 இறங்கினால் மருந்து கூடுதலோ என்று யோசிக்க வேண்டும். அடுத்தது வீட்டுக் கணக்கு: ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவில் படுக்கப் போகுமுன்பும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை. காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளைச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கின் 140/90க்குச் சமம். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடக் காட்டும். தடித்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். அந்தத் தவறான கூடுதல் அளவை நம்பி மாத்திரை கூட்டப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிக் கூட்டியது ராத்திரியில் கண்ணைப் பாதிக்கும்.

குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்குகிறவர்கள் கதை எதிர்ப்பக்கம். அவர்களுக்கு இரவில் பி.பி. இறங்காமலே நிற்கும், ஆக்சிஜன்தான் இறங்கும். அதுவும் பார்வை நரம்புக்கு நல்லதல்ல. அவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை தேவை.

நோயாளி தானாக ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. குறிப்பாக அட்டினோலாலையும் குளோனிடினையும் திடீரென நிறுத்தினால் பி.பி. முன்பைவிட மேலே எகிறும், அட்டினோலால் நிறுத்தியதில் நெஞ்சுவலியும் வரலாம்.

மருந்துக்கடை_திருச்சி:

மிக்க நன்றி சார். அம்லோடிபின் விஷயம் எனக்குப் புதிது. அதே அம்லோடிபின் வகை மாத்திரைகளே கிளாக்கோமாவைக் கூட்டுகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது, அது உண்மையா? அட்டினோலால்–டிமோலால் கேள்வியும் நிற்கிறது. குளோர்தாலிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இப்போது நிறைய வருகின்றன, "கண்ணுக்கு ஆகாது" என்று ஒருவர் சொன்னார். அதையும் சொல்லுங்கள்.

விழிநரம்பு:

அம்லோடிபின்: பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நலத் தரவுத் தொகுப்பை வைத்து 2023இல் வந்த ஆய்வில், கால்சியம் சேனல் பிளாக்கர் (அம்லோடிபின் இந்த வகைதான்) சாப்பிடுகிறவர்களிடம் கிளாக்கோமா சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் கண் பிரஷரில் மாற்றம் இல்லை. இது சேர்ந்து காணப்பட்டது என்பதுதான். மாத்திரையால்தான் வந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இதை நம்பி யாருக்கும் அம்லோடிபினை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அட்டினோலால், டிமோலால்: இரண்டும் பீட்டா பிளாக்கர், அதாவது நாடித்துடிப்பையும் பி.பி.யையும் இறக்கும் ஒரே வகை மருந்து. சொட்டுதானே, கண்ணோடு போகும் என்று நினைப்பது தவறு. டிமோலால் 0.5% என்றால் ஒரு மில்லியில் 5 மி.கி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்றால் 0.25 மி.கி. இரண்டு கண், இரண்டு வேளை என்றால் நாளுக்கு 1 மி.கி. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய், அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையைப் போல முதலில் கல்லீரலில் சிதைவதில்லை. அதனால் அளவைவிட விளைவு பெரிது: நாடித்துடிப்பு குறைவது, மூச்சிரைப்பு, சோர்வு. ஏற்கெனவே அட்டினோலால், மெட்டோபிரோலால், பிசோப்ரோலால் சாப்பிடுகிறவருக்கு டிமோலாலால் கண் பிரஷர் கூடுதலாக இறங்குவது குறைவு. பக்கவிளைவு மட்டும் கூடும். நாடித்துடிப்பு 55க்குக் கீழே இருந்தாலோ, படியேறும்போது தலை சுற்றினாலோ மருந்து கொடுப்பதற்கு முன் இரண்டு டாக்டரில் ஒருவருக்கு போன் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு டிமோலால் கூடவே கூடாது.

இரவு டிமோலால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் அக்வஸ் சுரப்பு ஏற்கெனவே பாதி அளவுக்குக் குறைந்துவிடுகிறது. டிமோலால் குறைப்பதே சுரப்பைத்தான். ஆகவே இரவில் அதற்கு வேலை குறைவு, பி.பி.யையும் நாடியையும் இறக்கும் வேலை மட்டும் நிற்கிறது. உங்கள் மாதிரிச் சீட்டை நான் பார்த்திருந்தால் முதலில் இரவு டிமோலாலை எடுத்திருப்பேன். அட்டினோலால் அவசியமானது என்று அவருடைய டாக்டர் சொன்னால் டிமோலாலையே விட்டு டோர்சோலமைட் அல்லது பிரின்சோலமைடுக்கு மாறியிருப்பேன். பிரிமோனிடினுக்கும் இரவில் வேலை குறைவு, வயதானவர்களுக்குத் தூக்கமும் பி.பி. இறக்கமும் தரும். லாட்டனோபிராஸ்ட் வகைக்கு பி.பி.யில் தொந்தரவு இல்லை, இரவிலும் வேலை செய்யும்.

சொட்டு போடும் முறையைக் கவுண்டரிலேயே காட்டுங்கள், இது உங்களால்தான் முடியும். கை கழுவி, தலையைப் பின்னே சாய்த்து, கீழ் இமையை இழுத்தால் ஒரு சிறு பை போல வரும். அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ கண்ணிலோ படக் கூடாது. உடனே கண்ணை மெதுவாக மூடி (இறுக்கி அல்ல, சிமிட்டியும் அல்ல), மூக்கை ஒட்டிய உள்மூலையில் விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். தொண்டையில் கசந்தால் மருந்து மூக்கு வழியே இறங்கிவிட்டது, அழுத்திய இடம் தவறு என்று அர்த்தம். கண்ணில் ஒரு சொட்டுக்கே இடம் போதாது. இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியத்தான். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. பாட்டிலைத் திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதிக் கொடுங்கள். லாட்டனோபிராஸ்டைத் திறக்கும் வரை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் அல்ல.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இன்டபமைடு: இவை சல்ஃபா அமைப்பு கொண்டவை. மிக அரிதாக, தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில வாரத்துக்குள், கண்ணுக்குள் சிலியரி பகுதி (அக்வஸ் சுரக்கும் இடம்) வீங்கி லென்ஸ் முன்னே தள்ளப்பட்டுக் கோணம் மூடும். தூரப்பார்வை திடீரென மங்கும், கண் வலிக்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். சிகிச்சை அந்த மாத்திரையை உடனே நிறுத்துவது. மூடிய கோணத்துக்கு வழக்கமாக ஐரிஸில் போடும் லேசர் துளை இதற்கு உதவாது. லட்சக்கணக்கானோர் பாதுகாப்பாகச் சாப்பிடும் மாத்திரைகள் இவை, "கண்ணுக்கு ஆகாது" என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. புதிதாகத் தொடங்கியவர் பார்வை மங்குகிறது என்றால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கண் டாக்டர் அசிட்டசோலமைடு 250 எழுதியிருந்து, பி.பி. சீட்டில் நீர் மாத்திரையும் இருந்தால் பொட்டாசியம் இறங்கும். ரத்தப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கண் சிவந்திருக்கிறது என்று சீட்டில்லாமல் வருகிறவருக்கு டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் கலந்த சொட்டு கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு சில வாரத்தில் கண் பிரஷரை ஏற்றும். கிளாக்கோமா உள்ளவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் அதிகமாக ஏற்றும். வலி இருக்காது, சிவப்பு போய்விடும், அதனால் மறுபடி மறுபடி வாங்குவார்கள். நரம்பு போன பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

ரெட்டினா_கோவை:

எல்லோரும் குறைந்த பி.பி. பற்றியே பேசிவிட்டதால், உயர் பி.பி. கிளாக்கோமாவை உண்டாக்கும் நேர்வழி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. பி.பி.யால் தடித்த தமனி சிரையை அழுத்த, அங்கே ரத்தம் சுழன்று உறைந்து சிரை அடைபடுகிறது. கிளைச் சிரை அடைப்புக்கு முதல் காரணம் உயர் பி.பி. மையச் சிரை அடைபட்டால் இன்னும் மோசம்; அதற்கு பி.பி., சர்க்கரையோடு கிளாக்கோமாவும் ஒரு காரணம். ரத்தம் கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற பொருளைச் சுரக்கிறது. அது முன்பக்கம் பரவி ஐரிஸிலும் கோணத்திலும் புது நாளங்களை முளைக்க வைக்கும். அவை கோணத்தை அடைத்துக் கண் பிரஷர் 40, 50 என்று ஏறும். இதற்கு நூறு நாள் கிளாக்கோமா என்றே பெயர், ஏனெனில் அடைப்பு வந்து சுமார் மூன்று மாதத்தில் தலைகாட்டும். மையச் சிரை அடைப்பு என்று சொல்லப்பட்டவர் கண்ணில் முதல் ஊசி போட்டதும் பார்வை கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று நின்றுவிடக் கூடாது. முதல் ஆறு மாதம் மாதாமாதம் வர வேண்டும். கண்ணை விரிக்கும் மருந்து போடுவதற்கு முன்பே ஐரிஸ் ஓரத்தைப் பார்க்க வேண்டும், விரித்த பிறகு அந்த நுண்ணிய நாளங்கள் தெரியாமல் போகும்.

கவுண்டரில் யாரை நிறுத்துவது என்று கேட்டீர்கள். ஒரு கண் வலியில்லாமல் சட்டென்று இருண்டது என்றால் அது கண்ணில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். மணிக்கணக்கில்தான் அவகாசம், பக்கவாதச் சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும், மறுநாள் கண் கேம்ப்புக்கு அல்ல. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் மேல்பாதியோ கீழ்பாதியோ தெரியவில்லை என்றால் பார்வை நரம்புக்கு ரத்தம் தடைப்பட்டிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மற்றக் கண்ணைக் காக்க இரவு பி.பி.யையும் பார்க்க வேண்டும். கடும் கண்வலி, வாந்தி, சிவப்பு, வண்ண வளையம் சேர்ந்து வந்தால் மூடிய கோணத் தாக்குதல். தலைவலி என்று மாத்திரை கேட்பார்கள், விட்டுவிடாதீர்கள். பி.பி. 180/120க்கு மேல் இருந்து பார்வையும் மங்கினால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. வழியில் நிஃபெடிபினை உடைத்து நாக்கடியில் வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பி.பி. தடாலென்று விழுந்து பார்வை நரம்பும் மூளையும் சேர்ந்து பாதிக்கும். ஆஸ்பத்திரியில் முதல் ஒரு மணி நேரத்தில் 25%க்கு மேல் இறக்காமல்தான் கொண்டுவருவார்கள்.

வெள்ளை விழியில் மட்டும் ரத்தத் திட்டு, வலியில்லை, பார்வை சரி என்றால் பயமில்லை. இரண்டு வாரத்தில் கரையும். பி.பி. மட்டும் பார்த்து அனுப்புங்கள்.

கண்பரிசோதகர்_மதுரை:

ஒரு சின்னச் சேர்க்கை. காற்றடித்துப் பார்க்கும் கருவியில் 15 வந்தது, கிளாக்கோமா இல்லை என்று பலர் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அது போதாது. சென்னை கிளாக்கோமா ஆய்வில் திறந்த கோண கிளாக்கோமா கண்டவர்களில் பாதிக்கு மேல் அன்றைய கண் பிரஷர் 21க்குள்தான் இருந்தது. அங்கேயும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் ஆய்விலும் 90%க்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. பி.பி. இருக்கிறவர் 40 வயதைக் கடந்தால் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை: கோல்ட்மேன் முறையில் (கார்னியாவைத் தொட்டு அளப்பது) கண் பிரஷர், கார்னியா தடிமன், கோணியோஸ்கோப்பி என்ற கோணப் பரிசோதனை, விரித்துப் பார்த்த பார்வை நரம்பு, சந்தேகமிருந்தால் ஓ.சி.டி. என்ற நரம்பு ஸ்கேனும் 24-2 என்ற வகை ஃபீல்டு டெஸ்ட்டும். முதல் ஃபீல்டு டெஸ்ட்டை நம்ப வேண்டாம், பழகாததால் தவறாக வரும். அடுத்ததையும் சேர்த்துத்தான் அடிப்படையாக எடுக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, நல்ல விஷயம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற காரணம் குறைந்ததால் கண் பார்க்கிற சந்தர்ப்பமும் குறைகிறது. வருடத்துக்கு ஒரு தடவை இதற்கென்றே போகச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. இனி இரண்டு சீட்டிலும் மற்றச் சீட்டின் மருந்துப் பெயர்களைப் பின்பக்கம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: பி.பி.க்கு நல்லது என்று காலையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறவர்கள், யோகாவில் சிரசாசனம் செய்கிறவர்கள் நிறைய. கிளாக்கோமா இருந்தால் தொடரலாமா?

கண்பரிசோதகர்_மதுரை:

பின்பக்கம் எழுதும்போது அன்றைய பி.பி., நாடி, மாத்திரை போடும் நேரம் மூன்றையும் எழுதுங்கள், கண் டாக்டருக்கு மிகவும் பயன்படும்.

சிரசாசனம் வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நின்றபோது கண் பிரஷர் சுமார் இரு மடங்கு ஏறியது, நன்கு பழகியவர்களுக்கும் அப்படித்தான். சர்வாங்காசனம், மூச்சை அடக்கி எடை தூக்குவது இவற்றையும் தவிர்க்கலாம். நடை, சாதாரண ஆசனங்கள், மூச்சை அடக்காத பிராணாயாமம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம், பி.பி.க்கும் நல்லது. தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு லிட்டரைச் சில நிமிடத்தில் குடித்தால் கண் பிரஷர் ஏறி, ஒரு மணி நேரம் போல நிற்கும். கிளாக்கோமா கண்ணில் ஏற்றம் இன்னும் அதிகம். அதே ஒரு லிட்டரை ஒரு டம்ளர், அரை டம்ளராக இரண்டு மணி நேரத்தில் பரப்பிக் குடித்தால் போதும். படுக்கையில் தலைப்பக்கம் கட்டில் கால் உயர்த்தியோ, தலையணை மட்டும் அல்லாமல் முதுகுக்கும் சேர்த்துச் சாய்வு கொடுத்தோ படுக்கலாம். மோசமான கண் கீழே அழுந்தும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டாம்.